ஒரு நாள் உறவு, நாலு மணி வரை

மே 26, திங்கள்

காலையில் நல்ல மழை. ரிசார்ட்டில் தங்கியிருந்த பெங்களூர்க் குடும்பம் காலி செய்துகொண்டு போனது. அந்த அம்மாளுக்கு வெந்நீர் வரவில்லையாம். "மலைக்கு வருவதே குளிரத்தானே அம்மா" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டாள். ரிசார்ட் என்றால் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. தங்கை ஜெயமேரி அதைப் "பின்னாடி ரூம்பு" என்பாள். போர்டில் "சிகாமணி கிராண்ட் ரிசார்ட்" என்று இருக்கிறது. உலகம் போர்டைத்தான் படிக்கும், ஜெயமேரியைப் படிக்காது.

மத்தியானம் ஒரு பெரிய விஷயம். மெட்ராஸிலிருந்து சாரா என்று ஒரு மேடம் நாகலூருக்கு வந்து, "இந்த ஊருக்கு யார் பெரியவர்?" என்று கேட்டாராம். ஊரே தேவசிகாமணி என்றதாம். (டீக்கடையில் நானும் இருந்தேன். எழுந்து நின்றது நான் ஒருவன்தான். அது ஊர் சொன்னதற்குச் சமம்.) மலைக்குக் கீழே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் மலைக்காரர்களும் கலந்து பழக வேண்டும் என்று ஏற்காட்டில் கலை விழா நடத்தப் போகிறார்கள். ஜூன் 21. பாட்டு, ஆட்டம், ஓவியம், சாப்பாடு எல்லாம் உண்டு. வரவேற்புக் குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டுமாம்.

எனக்கு நேரமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் தானாகச் "சரிங்க" என்றது.

மே 29, வியாழன்

முதல் கூட்டம். மெட்ராஸ்காரர்கள் நாலைந்து பேர். எல்லோர் கழுத்திலும் ஒரு துண்டு. நம் ஊரில் கழுத்தில் துண்டு போட்டால் மூட்டை தூக்குகிறவன். அங்கே போட்டால் கலைஞன்.

"அகதி என்ற சொல்லே வரக்கூடாது" என்றார் சாரா மேடம். அரை நாள் யோசித்தார்கள். கடைசியில் "நமது புதிய அண்டை வீட்டார்" என்று முடிவானது. அவர்கள் வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. நான் இந்த வீடு கட்டி இருபது வருடம்தான். அப்படியானால் நான் யார், கைக்குழந்தையா? கேட்கவில்லை. தலைவர் கேள்வி கேட்கக் கூடாது.

விழாவின் முக்கிய நிகழ்ச்சிக்கு "ஒரு நாள் உறவு" என்று பெயர். மலைக்குடும்பம் ஒன்று, முகாம் குடும்பம் ஒன்று, ஜோடி சேர்த்து மேடை ஏற்றுவார்கள். நாம் அவர்களை அத்தை, சித்தப்பா என்று ஏதாவது ஒரு முறை வைத்து ஊருக்கு அறிமுகம் செய்ய வேண்டும். போட்டோ. பிறகு ஒரே இலை வரிசையில் சாப்பாடு. சாயங்காலம் முகாமில் தணிக்கை இருக்கிறதாம், ஒவ்வொரு ஆளும் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். ஆகையால் நாலு மணிக்கு பஸ் கிளம்பிவிடும்.

ஒரு நாள் உறவு என்றால் பத்திலிருந்து நாலு வரை. ரேஷன் கடைகூட அதற்கு மேல் திறந்திருக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஜெயமேரி எதிரே வந்து நின்றாள். அவள் உட்காராமல் நின்றால் செய்தி கெட்டது.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணும். கோவப்படக் கூடாது. ஜெப்சன் ஒரு பொண்ணப் பாத்துட்டான்."

"எந்த ஊரு?"

"முகாமுங்கண்ணா."

"எந்த முகாம்? கண் சிகிச்சை முகாமா?"

"வெளையாடாதீங்க. இலங்கைக்காரவிய முகாம். பேரு ரூபி. இவன் வேன் ஓட்டற பேக்கரியில பில்லு போடறா. நம்ம வேதந்தான். நொம்ப நல்ல புள்ளையாட்டம் தெரியுது."

இந்த இடத்தில் பின்னால் படிப்பவர்களுக்காக ஒன்றை எழுதி வைக்க வேண்டும். ஜெப்சன் தொட்டிலில் கிடக்கும்போது ஜெயமேரியின் புருஷன் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து தாயும் பிள்ளையும் என் வீட்டில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டு வந்தார்கள். ஒன்றைச் சரி என்றால் இரண்டு குடும்பம் மனம் நோகும் என்று விட்டுவிட்டேன். (ஜெயமேரி, "எந்த மூணு?" என்பாள். அவளுக்கு எல்லாவற்றிலும் பெயர் வேண்டும்.) எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்த்த காலம் முதல் எங்கே போனாலும் "ஜெப்சன் என் மகன்" என்றுதான் சொல்வேன். தங்கை மகன் என்றால் பாதிப் பெருமைதான் வரும்.

அப்படி வளர்த்தவன்!

வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். காரணம் என்ன காரணம் — ஊர் என்ன சொல்லும்? ரைட்டர் சிகாமணி வீட்டுக்கு வேறு இடமே கிடைக்கலையா என்று கேட்காதா? சொந்தம் என்று சொல்ல நாலு பேர் உண்டா, ஒரு பிடி மண் உண்டா, நாளைக்கு அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னால் இவன் வேனை எடுத்துக்கொண்டு கடலில் ஓட்டுவானா?

"ஊட்டுக்குப் பெரியவரு நீங்க. தாய்மாமனும் நீங்க. நீங்க வேண்டாம்னா நான் மீறிச் செய்யமாட்டேன்" என்றாள் ஜெயமேரி. "ஆனா அவன் வேற யாரையும் கட்டமாட்டேங்கறான். அதையும் தெரிஞ்சுக்கங்க."

நான் அவர்களுக்கு எதிரி இல்லை. வரவேற்புக் குழுத் தலைவரே நான்தான். ஆனால் வரவேற்பது வாசலோடு நிற்கிற காரியம். இது அடுப்படி வரைக்கும் வருகிறதே.

ஜூன் 4, புதன்

வரவேற்புரை எழுதி முடித்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் எழுதியது என்று யாரும் நம்பமாட்டார்கள். எட்டுக்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை, அதனால்தான் விட்டேன். முக்கியமான இடம் இது: "அலைகடல் தாண்டி வந்த எங்கள் இரத்தமே! எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எங்கள் நெஞ்சுக்கும் இல்லை."

ஜெப்சனுக்குப் படித்துக் காட்டினேன். தாழ்ப்பாள் வரை கேட்டான்.

"இதெல்லாம் நெசமா எழுதுனதுங்களா மாமா?"

"மேடைக்கு எழுதினது சாமி."

வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல தமிழை ரசிக்கத் தெரியாத தலைமுறை.

ஜூன் 8, ஞாயிறு

சாரா மேடத்தோடு முகாமுக்குப் போனேன். அடிவாரம் தாண்டியதும் வெயில் மூஞ்சியில் அறைந்தது. வரிசை வரிசையாக வீடு. ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் தண்ணீர் கொண்டு வருவார்கள் போல, அவ்வளவு நெருக்கம். ஆட்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். (பெஞ்சு ஒன்றுதான் இருந்தது, எனக்கு இடம் விட எழுந்தார்கள் என்றும் சொல்லலாம்.)

மேடம் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு ஜோடி செபாஸ்டின் குடும்பம். ரெண்டு பேருமே கத்தோலிக்கர், பொருத்தமா இருக்கும்" என்றார். செபாஸ்டின் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெயிண்டர். முழங்கை வரை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரின் நீலம் ஒட்டியிருந்தது. பெஞ்சாதி இல்லை, இறந்துவிட்டார். ஒரே மகள். மகள் தேநீர் கொண்டு வந்தாள். பாலில்லாத தேநீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லம்.

"வாங்க மாமா. ஜெப்சன் சொல்லுவாருங்க, உங்களப் பத்தி."

அந்த ரூபிதான்!

எனக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. ஆண்டவர் இந்த உலகத்தில் இத்தனை குடும்பம் படைத்திருக்க, எனக்கு ஜோடியாக இதுவா வர வேண்டும்? மேடத்துக்கு ஒன்றும் தெரியாது. அவர் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "ரூபி, நீ படகில் வந்த கதையை மேடையில் சொல்லணும். உன் மொழியிலேயே" என்றார்.

"நான் சேலம் ஆஸ்பத்திரியில பொறந்தனுங்க மேடம்."

"படகே ஏறினதில்லையா?"

"ஏறியிருக்கறனுங்க. ஏற்காடு ஏரியில. பெடல் போட்டு."

மேடம் பேனாவை மூடினார். பிறகு செபாஸ்டின் பக்கம் திரும்பி, அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள் என்றார். அவர் கையில் இருந்த நீலத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "அது விழாவுக்கான கதை இல்லை பிள்ளை" என்றார். அதோடு சரி. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

முகாமில் ஒத்திகை. மேடத்துக்கு ஒரே கவலை — "இவங்க எல்லாரும் உங்களை மாதிரியே பேசறாங்களே சார். ஆடியன்ஸுக்கு ஒரு ஒரிஜினாலிட்டி வேணாமா?" அவர்கள் மாதிரி நான் பேசவில்லை, சேலத்துக்காரன் எல்லாம் அப்படித்தான் பேசுவான் என்று விளக்கினேன். பிறகு பெருந்தன்மையோடு, நானே இலங்கைத் தமிழ் சொல்லித் தருகிறேன் என்றேன். நான் யாழ்ப்பாணம் வரை போய் வந்தவன். (தனுஷ்கோடி வரை. அங்கிருந்து பார்த்தால் தெரியும் என்றார்கள். அன்று மேகமூட்டம்.)

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் "கண்டியளோ" போடச் சொன்னேன். பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரூபி மட்டும் சிரிக்கவில்லை. பக்தியோடு, நான் கையை ஆட்டுவது, இடுப்பில் கை வைப்பது, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மாணவி. வேறு குடும்பத்தில் பிறந்திருக்கலாம்.

செபாஸ்டின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, பிள்ளையள் விசயம் எனக்கும் தெரியும். உங்களுக்கு விருப்பமில்லை எண்டும் தெரியும். நான் ஒண்டும் கேக்க மாட்டன். மேடையில ஜோடி மாத்தச் சொல்லவா?"

மாற்றினால் ஊர் ஏன் என்று கேட்கும். வேண்டாம் என்றேன்.

ஜூன் 14, சனி

ஜெப்சன் பேசுவதில்லை. உப்பு வேண்டுமா என்று கேட்டால், "வேண்டாமுன்னு சொல்லுங்கம்மா" என்கிறான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன்! என் மூளைக்கு நான் பிறந்தது தப்பு இடம்.

மேடையில் செபாஸ்டினை எந்த முறை வைத்து அழைப்பது என்பது என் விருப்பம். அண்ணன் என்று அழைக்கப் போகிறேன். கூடப்பிறந்த அண்ணன். அண்ணன் மகள் எனக்கு மகள். ஜெப்சன் எனக்கு மகன். மகனும் மகளும் யார்? அண்ணன் தங்கை! ஊர் முன்னால், மைக்கில், போட்டோவோடு சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு இவன் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க முடியுமா? யாரையும் வேண்டாம் என்று சொன்ன பாவமும் எனக்கு இல்லை. அவர்களுக்கும் மரியாதை. தங்கையாக எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து போகட்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

பள்ளி மைதானத்தில் பந்தல். மைக் செட்டுக்காரன் வெள்ளக்கடையிலிருந்து வந்து நாள் முழுக்க "ஹலோ ஹலோ" என்றான். ஒரு மூலையில் மெட்ராஸ் ஓவியர் ஒருவர் தார்ப்பாயும் தகரமும் வைத்து ஒரு குடிசை கட்டியிருக்கிறார். "முகாம் அனுபவம்" என்று போர்டு. உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வேதனையை உணர வேண்டுமாம். வெக்கை தாங்காது என்று ஓவியர் உள்ளே ஒரு ஃபேன் மாட்டியிருக்கிறார். ஏற்காட்டில், ஜூன் மாதத்தில், மழைக்குளிரில்.

ஜெயமேரி என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். "நாளைக்காச்சும் மொகத்தச் சிரிச்சாப்பல வெச்சுக்கங்க" என்றாள். ஏன் சிரிக்கமாட்டேன்? நாளை என் நாள்.

ஜூன் 21, சனி

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பத்தாயிரம் பேர் கூட்டம். (நாற்காலி முந்நூறு. நின்றவர்களை யார் எண்ணினார்கள்.) முகாம் பஸ் வந்ததும் பூ போட்டு வரவேற்றேன். வந்தவர்கள் வரிசையில் நின்று "முகாம் அனுபவம்" குடிசைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டியம்மா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று விட்டார். "எங்கட வீட்டைவிடக் காத்து நல்லா வருது" என்றார். ஓவியர் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக் கடையில் முகாம்காரர்கள் பரோட்டாவும் சில்லி சிக்கனும் போட்டிருந்தார்கள். பாரம்பரிய உணவு எங்கே என்று மேடம் கேட்டார். "இது விக்குமுங்க மேடம்" என்றார்கள். விற்றது.

பிறகு ரூபி மேடை ஏறினாள். மேடம், "இப்போது ஒரு படகின் கதை" என்று கண் கலங்க அறிவித்தார். ரூபி மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த தமிழில் ஆரம்பித்தாள்.

"இருட்டிக்கொண்டு வந்தது, கண்டியளோ. சுத்திவரத் தண்ணி, கண்டியளோ. படகு ஆடுது. அப்பான்ர கையை இறுக்கிப் பிடிச்சன். கரை எங்க, கரை எங்க எண்டு கத்தினன் —"

முன் வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டார்.

"— அப்பப் பாத்து கரையில இருந்து விசில் அடிச்சுட்டாங்க. அரை மணி நேரம் முடிஞ்சுதாம். பெடல் போட்டத் திருப்பிக் குடுங்கன்னு ஏற்காடு ஏரியே கேக்கறாப்பல கத்தறாங்க!"

பிறகு ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோரும். அவள் அதோடு விட்டாளா? முதலில் சாரா மேடம் மாதிரி துண்டைச் சரிசெய்துகொண்டு, "உங்க வலியைக் கொஞ்சம் சத்தமா சொல்ல முடியுமா?" என்றாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள். இல்லாத கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "நான் யாழ்ப்பாணம் போன காலத்துல, அங்க ஒரு புலி எம் முன்னாடி வந்து, சார் நீங்களான்னு கேட்டுச்சுங்க —"

அப்படியே நான்! என் குரல்! என் புலி! (அந்தக் கதையை ஜெப்சன் சொல்லியிருக்கிறான், துரோகி.) நாகலூர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் சிரித்தேன். சிரிக்கவில்லை என்றால் அது நான்தான் என்று தெரிந்துவிடும். நடுவில் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

அடுத்தது "ஒரு நாள் உறவு." முதல் ஜோடி நாங்கள். செபாஸ்டின் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். கையில் நீலம் இன்னும் போகவில்லை. ஜெப்சன் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மைக்கை வாங்கினேன். தொண்டையைச் செருமினேன்.

"அன்புப் பெருமக்களே! இந்தச் செபாஸ்டின் யார் தெரியுமா? எனக்கு ஒரு நாள் உறவு அல்ல. ஆயுள் உறவு! இவர் என் கூடப்பிறந்த அண்ணன்! இவருடைய மகள் ரூபி — என் மகள்!"

கைதட்டல். அடுத்த வரி, "ஆகவே என் மகன் ஜெப்சனுக்கு இவள் தங்கை." அதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டேன். கைதட்டல் அடங்கட்டும் என்று. அந்த இடைவெளிதான் என்னைக் கொன்றது.

ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் நடுவிலிருந்து ஜீப் ஓட்டுகிற பெருமாள் கத்தினான்: "ஏனுங்க ரைட்டரே! உங்க புள்ளைன்னா உங்க தங்கச்சி மவனுக்கு மொறைப்பொண்ணுங்களே!"

விசில். டிரம்ஸ்காரன் வேறு சும்மா இருக்காமல் தட்டினான்.

தங்கச்சி மவன். தங்கச்சி மவன்! இந்த இருபத்தேழு வருடமாக மகன் மகன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது மறந்துபோச்சு. ஊருக்கு மறக்கலை. மாமன் மகள் எந்த முறை என்று தொட்டில் குழந்தைக்குத் தெரியும். செபாஸ்டினை மச்சான் என்று கூப்பிட்டிருந்தால், ரூபி ஜெயமேரிக்கு மகள் முறை, ஜெப்சனுக்குத் தங்கை முறை, எல்லாம் அடைபட்டிருக்கும். ஒரே ஒரு வார்த்தை! மச்சான்! ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"இல்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா —" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஜெயமேரி முன் வரிசையிலிருந்து எழுந்துவிட்டாள். ஜெபக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள். மேடை ஏறி என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"எங்கண்ணனுக்கு நீங்க அண்ணன்னா எனக்குப் பெரியண்ணனுங்க" என்றாள் செபாஸ்டினைப் பார்த்து. "இத்தன நாளா ஊட்டுக்குப் பெரியவரு இவருதான்னு இவரு சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தேன். இனி இவரு சின்னண்ணன் ஆயிட்டாரு. அதனால பெரியண்ணங்கிட்டயே கேக்கறேனுங்க. எம் பையனுக்கு உங்க பொண்ணக் குடுப்பீங்களா?"

சின்னண்ணனாம்! என் வீட்டில், என் மைக்கில், என் பதவி போச்சு.

மேடம் ஓடி வந்து, "இது நிகழ்ச்சி நிரலில் இருக்கா சார்?" என்று என் காதில் கேட்டார். ரூபியின் முகத்தில் இப்போது ஒரு வேஷமும் இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெப்சன் வேனிலிருந்து பந்தல் வரை எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

செபாஸ்டின் மைக்கைத் தொடவில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது.

"தங்கச்சி, மேடையில கேட்ட கேள்விக்கு மேடையில பதில் சொன்னா அது நாடகம். இது ஒரு நாள் உறவு எண்டு மேடம் சொன்னவ. நாலு மணிக்கு எங்களுக்கு பஸ் இருக்கு. நாளைக்கும் இந்த உறவு மிச்சமிருந்தா, வீட்டுக்கு வாங்கோ. பேசுவம்."

பந்தலில் மழை விழ ஆரம்பித்தது.

நாலு மணிக்கு பஸ் போய்விட்டது.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை. (சரியாகத்தான் இருக்கிறது.)

ஜூன் 23, திங்கள்

பால் வாங்கப் போனேன். "அண்ணன் சௌக்கியங்களா?" என்று கேட்டான் பால்காரன். எனக்கு எந்த அண்ணன் என்று வாய் வரை வந்தது. டீக்கடையில், "பெரியவரு எப்ப வாராருங்க?" பஸ்ஸில் கண்டக்டர், "சின்னண்ணனுக்கு ஒரு சீட்டு குடுங்கப்பா."

ஜூன் 25, புதன்

ஜெயமேரி கேட்டாள்: "போலாமா, வேண்டாமா? நீங்க வராம நான் போகமாட்டேன். தாய்மாமன் இல்லாமப் பொண்ணு கேக்கப் போனா அது அவியளுக்கு அவமானம்."

"மேடைல சும்மா சொன்னதும்மா."

"அப்பச் செரி. பெருமாளக் கூப்புட்டு, நான் சொன்னது பொய்யின்னு சொல்லிப்போடுங்க. ஊரு முழுக்க அவன் சொல்லிருவான். கதை முடிஞ்சுது."

பொய் என்று நானே சொல்ல வேண்டுமாம்! யாழ்ப்பாணத்தை நான் பொய் என்று சொன்னதுண்டா? புலியைச் சொன்னதுண்டா? இந்த வாயிலிருந்து வந்த எதையும் இதுவரை நான் திரும்ப வாங்கினதில்லை. இப்போது இந்த ஒன்றுக்காக ஆரம்பித்தால் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எங்கே போய் முடியும்?

எனக்கு இதில் விருப்பமில்லை என்பதைச் செபாஸ்டின் பெருமாளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஜோடி மாற்றச் சொல்லவா என்று எனக்காகக் கேட்ட மனுஷன். மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் அண்ணன் என்றபோது அந்தக் கை ஒரு தடவை இறுகியது. அவர் அதை நம்பினாரா என்ன?

ஜூன் 29, ஞாயிறு

போனோம். வெற்றிலை பாக்கு, பழம், நம் தோட்டத்துப் பலா ஒன்று. வேனை ஜெப்சன் ஓட்டினான். கொண்டை ஊசி வளைவில் எல்லாம் பூனை மாதிரி ஓட்டினான். "மாமா, காத்து அடிக்குதுங்களா? கண்ணாடிய ஏத்தவா?" என்று கேட்டான். என்னிடம்தான் கேட்டான், ஜெயமேரி வழியாக இல்லை.

அங்கே போய் ஒரு சிக்கல். பாய் இரண்டு விரித்திருந்தார்கள், ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு, ஒன்று பெண் வீட்டுக்கு. நான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பெண்ணுக்குச் சித்தப்பா. எதில் உட்காருவது? முழித்தேன்.

"தம்பி, நீர் இங்கால வாரும்" என்று தன் பக்கத்தில் தட்டிக் காட்டினார் செபாஸ்டின். "எனக்கு எண்டு ஒருத்தரும் இந்தப் பாயில இல்லை."

போய் உட்கார்ந்தேன். ஆக, பெண் கேட்கப் போனவன் பெண் வீட்டுக்காரனாகிவிட்டேன். ஜெயமேரி கேட்டாள், செபாஸ்டின் என்னைப் பார்த்தார், நான்தான் "சரிங்க" என்றேன். பெண்ணைக் கொடுத்தது நான். இதை யாரும் மாற்றி எழுதக் கூடாது.

ரூபி தேநீர் கொண்டு வந்தாள். "சித்தப்பா, வெல்லம் போதுங்களா?" என்றாள், என் குரலிலேயே. அடி போடுவேன் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

சாரா மேடம் போன் செய்தார். "ஒரு நாள் உறவு" பெரிய வெற்றி என்று அறிக்கை எழுதுகிறாராம், கல்யாணத்தில் முடிந்ததைப் படத்தோடு போடலாமா என்று கேட்டார். செபாஸ்டினைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். "வேண்டாம் தம்பி" என்றார். அண்ணன் வேண்டாம் என்கிறார் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். விழா முழுக்க என் யோசனை என்பதை மட்டும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது வழக்கம். முகாம் பக்கத்துக் கோயிலிலும் இதே நேரம் வாசிக்கிறார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூன்றாம் ஓலை. சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "நாகலூர் காலஞ்சென்ற அருளப்பன், ஜெயமேரி ஆகியோரின் மகன் ஜெப்சனுக்கும், செபாஸ்டின், காலஞ்சென்ற ரீத்தா ஆகியோரின் மகள் ரூபிக்கும்..." என் பெயர் எந்த இடத்திலும் இல்லை. அருளப்பன் போய் இருபத்தேழு வருடம் ஆகிறது, அவன் பெயர் இருக்கிறது. சரி, பையன் அவனுடையவன்தானே.

"இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றார் சாமியார். வழக்கமாக அதற்குப் பிறகு நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார். இன்று நின்றார். கோயில் முழுக்க மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. ஜெயமேரி பார்த்தாள். பெருமாள் சாமி கும்பிடுகிறவனே இல்லை, அவன் எதற்கு வந்தானோ, அவனும் வாசலில் நின்று பார்த்தான்.

அப்போது பார்த்து எனக்கு ஒரு இருமல் வந்தது. நல்ல பெரிய இருமல். தொண்டைக்குள் வந்து நின்றுவிட்டது. இப்போது இருமினால் தடை என்று எடுத்துக்கொள்வார்கள். கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். மூச்சு முட்டியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சாமியார் அடுத்த பக்கத்தைத் திருப்பும் வரைக்கும் வாயைத் திறக்கவே இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால், தாய்மாமன் குலுங்கிக் குலுங்கி அழுதார் என்று ஊரெல்லாம் பேச்சு.

பேசட்டும். நான் ஒன்றும் மறுக்கவில்லை.